பழைய மோட்டார் வண்டியில் எண்ணெய் ஒழுக்கு: அதன் மூலத்தைக் கண்டறியும் முறை

சங்கத்தின் பொது உபயோகத்திற்கென்று பழைய மோட்டார் வண்டியொன்றை வைத்துப் பராமரித்து வருவோருக்கு அடிக்கடி நேரும் தொல்லைகளில், எஞ்சினிலிருந்து எண்ணெய் ஒழுகுதல் ஒன்றாகும். இரவில் கொட்டகையில் நிறுத்திய வண்டியைக் காலையில் வெளியே எடுத்ததும், தரையில் உள்ளங்கையளவு கறுத்த கறையொன்று காணப்படும். டிரைவர் அதன்மேல் ஒரு பிடி மணலைத் தூவிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார். மாதங்கள் செல்லும், கறையும் முறத்தளவாகும். பின்பு ஒரு நாள் வண்டி பட்டறைக்குச் செல்லும். அங்கே அடியில் குனிந்து பார்ப்பவர், எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே எண்ணெய் சொட்டுவதைக் கண்டு, "பின்பக்கத்து ஆயில் சீல் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்று சொல்லுவார். நிர்வாகக் கமிட்டியார் அவர் கேட்கும் பெருந்தொகையைச் செலவிடுவதா, வண்டியையே விற்றுவிடுவதா என்று யோசிக்கத் தொடங்குவர்.

அவ்வாறு யோசிப்பதற்கு முன்னர், ஒரு பிற்பகலும் சிறிதளவு மண்ணெண்ணெயும் கொண்டு செய்யத்தக்க பரீட்சையொன்று உண்டு. எண்ணெய் சொட்டும் இடம் வேறு, அது வெளிப்படும் இடம் வேறு என்பதே இப்பரீட்சையின் அடிப்படை. இவ்வுண்மையை மறந்து செலவு செய்த பணம் பெரும்பாலும் வீணாகும்.

ஒழுக்கினால் விளையும் கேடு

எஞ்சினுக்குள் எண்ணெய் மூன்று வேலைகளைச் செய்கிறது. உராயும் உறுப்புக்களுக்கு இடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுக்கிறது. பிஸ்டன், பேரிங்கு முதலியவற்றின் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு போகிறது. கரியையும் தூசியையும் தன்னோடு ஏந்தி வடிகட்டியில் சேர்க்கிறது. அடிப்பாத்திரமாகிய சம்பில் எண்ணெயின் மட்டம் மிகவும் தாழ்ந்தால், பம்பு எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். அந்நிலையில் சில நிமிட ஓட்டமே பேரிங்குகளைத் தின்றுவிடப் போதுமானது. அதன் பின்னர் நேரும் செலவுக்கு முன்னே எந்த ஆயில் சீலின் விலையும் அற்பமே.

சிறு சொட்டு என்று அலட்சியம் செய்வோர் பின்வரும் கணக்கைச் சிந்திப்பார்களாக. நிமிடத்திற்கு ஒரு சொட்டு வீதம் ஓயாது ஒழுகினால் நாளொன்றுக்கு 1,440 சொட்டுக்களாகும். ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், ஒரு நாளில் 72 மில்லிலிட்டரும், 14 நாட்களில் ஒரு லிட்டருக்குச் சற்று மேலும் மண்ணில் போகின்றது. இஃதன்றி, ஒழுகிய எண்ணெய் ரப்பர் குழாய்களையும் எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். கிளட்சுத் தகட்டில் பட்டால் அது வழுக்கும். சூடேறிய புகைக்குழாயில் விழுந்தால் புகைந்து, சில வேளை தீப்பற்றவும் கூடும்.

உதாரணமாக ஒரு வண்டி

நம் நாட்டு ஊர்களில் யாவரும் அறிந்த அம்பாஸடர் வண்டியையே இங்கு உதாரணமாகக் கொள்வோம். இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையைத் தழுவி, வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1950களின் பிற்பகுதி முதல் 2014-ஆம் ஆண்டு மே மாதம் வரையில் இவ்வண்டியைச் செய்து வந்தனர். நெடுங்காலம் இதில் பொருத்தப்பெற்றது 1489 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பின்னர் டீசல் எஞ்சினும், இஸுஸு எஞ்சினும் வந்தன. ஈண்டுச் சொல்லப்படும் உறுப்புக்களின் அமைப்பு பழைய 1489 பெட்ரோல் எஞ்சினுக்கு உரியது. ஆயினும் சோதிக்கும் முறை எல்லாப் பழைய வண்டிகளுக்கும் பொதுவே. உற்பத்தி நின்றுபோன வண்டியாதலால், அவசரத்தில் முறுக்கி உடைத்த உறுப்புக்கு மாற்று எளிதில் அகப்படாது என்பதையும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

ஒழுகுவது எஞ்சின் எண்ணெய்தானா?

முதற்கண் தீர்மானிக்க வேண்டியது இதுவே. வண்டியின் அடியில் வெள்ளைக் காகிதத்தை விரித்து இரவு முழுவதும் நிறுத்தி வைக்க. முன் சக்கரங்கள் நிற்கும் இடங்களைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டால், எந்தச் சொட்டு எந்த உறுப்புக்கு நேராக விழுந்தது என்பது காலையில் விளங்கும்.

கறை பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்து, தொட்டால் வழவழப்பாயின் அது எஞ்சின் எண்ணெய். மிகவும் தடித்து, கந்தக வாடை வீசுமாயின் பெரும்பாலும் கியர் எண்ணெய். நீர்த்தன்மையோடு பச்சை அல்லது செந்நிறமாகவோ, துருவேறிய தண்ணீராகவோ இருந்தால் ரேடியேட்டரைச் சேர்ந்தது. வெளிறிய நிறத்தோடு மெல்லியதாய் வழுக்குவது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். பிரேக் எண்ணெய் என்று சந்தேகம் தோன்றினால் பழுது பார்க்கும் வரையில் வண்டியை ஓட்டலாகாது. பெட்ரோல் வாடை வீசினாலும் வண்டியைக் கிளப்பாமல் மெக்கானிக்கை வரவழைத்தல் வேண்டும். எவ்வாறாயினும் விளக்குச் சுடரையோ தீக்குச்சியையோ கொண்டு அடியில் பார்ப்பது கூடவே கூடாது. டார்ச்சு விளக்கையே உபயோகிக்க.

சொட்டும் இடம் ஏன் ஏமாற்றுகிறது?

மேலிருந்து கசியும் எண்ணெய் நேரே தரையில் விழுவதில்லை. எஞ்சினின் பக்கங்களைப் பற்றிக்கொண்டு இறங்கி, போல்ட்டுத் தலைகளிலும் விளிம்புகளிலும் தங்கித் தங்கி, எல்லாவற்றிலும் தாழ்ந்த இடத்தை அடைந்த பின்னரே சொட்டும். மேலும், வண்டி ஓடும்போது முன்னிருந்து வீசும் காற்றும், விசிறியின் காற்றும் அதனைப் பின்னோக்கித் தள்ளும். கூரையின் உச்சியில் ஓடு விலகியிருக்க, மழை நீர் கைமரத்தின் வழியே ஓடிவந்து சுவரோரத்தில் சொட்டுவதை நாம் காண்கிறோம் அல்லவா? சுவரோரத்தை எத்தனை முறை பூசினாலும் ஒழுக்கு நிற்காது. எஞ்சினிலும் இவ்வாறே. முன்பாகத்திலும் மேல்பாகத்திலும் கசியும் எண்ணெய் யாவும் இறுதியில் எஞ்சினின் பின்கோடியில் வந்து சேர்வதால், குற்றமற்ற பின்பக்கத்துச் சீலின் மேல் பழி விழுகின்றது.

சுத்தம் செய்தலே முதல் வேலை

பல வருஷத்து அழுக்கும் எண்ணெயும் கலந்து அப்பிய எஞ்சினில் எவரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆகையால் பின்வரும் முறையை வரிசை தவறாது கைக்கொள்க.

1. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பாட்டரியின் இணைப்பைக் கழற்றுக. கார்புரேட்டரின் வாய், டிஸ்டிரிபியூட்டர், டைனமோ ஆகியவற்றைப் பாலிதீன் பையால் மூடிக் கட்டுக.

2. அப்பிய அழுக்கை மரச்சில்லால் சுரண்டியபின், மண்ணெண்ணெயோ அஃது அகப்படாவிடில் டீசலோ தொட்டு, பிரஷ்ஷினால் மேலிருந்து கீழாகத் தேய்த்துக் கழுவுக. பெட்ரோலை இவ்வேலைக்கு உபயோகித்தல் அபாயகரம். அடியில் தட்டொன்றை வைத்துக் கழிவைப் பிடித்துக்கொள்க.

3. பழந்துணியால் ஈரமின்றித் துடைத்து, சில மணி நேரம் உலர விடுக. சந்து பொந்துகளிலும் துணி நுழைய வேண்டும்.

4. டிப் ஸ்டிக்கை உருவி எண்ணெயின் மட்டத்தைப் பார்க்க. மேற்கோட்டிற்கு மேலும் எண்ணெய் ஊற்றியிருந்தால் அதுவே ஒழுக்கை அதிகப்படுத்தும், மிகையை இறக்கிவிடுக.

5. உலர்ந்த பின் சந்தேகமுள்ள விளிம்புகளின் மேல் முகத்திற்குப் பூசும் பவுடரை மெல்லியதாகத் தூவுக. புதிதாகக் கசியும் எண்ணெய் வெண்மையான பவுடரில் கறுத்த கோடாகத் தெரியும்.

6. மூடிய பைகளை எடுத்து, பாட்டரியை இணைத்து, எஞ்சினைத் திறந்த வெளியில் பத்து நிமிடம் ஓட விடுக. மூடிய கொட்டகையில் ஓட்டினால் புகையிலுள்ள விஷவாயு உயிருக்கே ஆபத்தாகும். நிறுத்திப் பார்த்தும் ஒன்றும் தெரியாவிடில், நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து மறுபடியும் பார்க்க.

வண்டியின் அடியில் செல்ல வேண்டி வந்தால், ஜாக்கியை மாத்திரம் நம்பி ஒருவரும் நுழையலாகாது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் ஏற்றிய பின்னரே செல்லுதல் வேண்டும்.

மேலிருந்து கீழாகத் தேடும் வரிசை

கசிவின் தடத்தில் எல்லாவற்றிலும் உயரமாக நனைந்துள்ள இடம் எதுவோ அதுவே மூலம். ஆதலால் எப்பொழுதும் உச்சியிலிருந்து தொடங்குக.

ராக்கர் கவர்: எஞ்சினின் உச்சியிலுள்ள தகட்டு மூடி இது. இதன் அடியில் கார்க்கினால் செய்த கேஸ்கெட் இருக்கின்றது. வருஷக்கணக்கில் சூடுபட்டுக் கார்க்கு கடினமாகி வெடித்துவிடும். மூடியை இறுக்குபவை மேலேயுள்ள இரண்டே நட்டுகள். ஒழுக்கை நிறுத்த எண்ணி இவற்றை மேலும் மேலும் முறுக்கினால் தகடு வளைந்து ஒழுக்கு பெருகும். நட்டுகளின் அடியிலுள்ள ரப்பர் வாஷர்களையும், எண்ணெய் ஊற்றும் மூடியின் வளையத்தையும் உடன் பார்க்க.

பக்க மூடிகள்: மானிபோல்டின் கீழே, எளிதில் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில், டாப்பெட்டுகளை மறைக்கும் சிறு தகட்டு மூடிகள் இரண்டு உள்ளன. இவற்றிற்கும் கார்க்குக் கேஸ்கெட் உண்டு. பழைய அம்பாஸடரில் இவ்விடத்தை அவசியம் பார்த்தல் வேண்டும். இங்கே கசிவது எஞ்சினின் பக்கமாக இறங்கிப் பின்கோடியில் சொட்டி, மேலே கூறிய ஏமாற்றத்தை உண்டாக்கும்.

வடிகட்டியும் அழுத்தக் குழாயும்: எஞ்சினின் மறுபக்கத்தில் எண்ணெய் வடிகட்டி உள்ளது. வடிகட்டியை மாற்றும்போது பழைய ரப்பர் வளையத்தை எடுக்காமல் அதன்மேல் புதிய வளையத்தை வைத்துவிடும் தவறு சாதாரணம். எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டருக்குச் செல்லும் மெல்லிய குழாயும், அழுத்த சுவிட்சும் இப்பாகத்திலேயே இருக்கும். இவை அழுத்தத்தின் கீழுள்ள எண்ணெயைத் தாங்குபவை. எனவே இங்கு ஏற்படும் கசிவு, எஞ்சின் ஓடும்போது பீச்சும், நின்றதும் அடங்கும். சிறிது நேரத்தில் ஏராளமான எண்ணெய் குறைந்துபோகக் கூடிய இடமும் இதுவே. காலந் தாழ்த்தாது சரிசெய்க.

முன் மூடி: விசிறிப் பெல்ட்டு சுழலும் கப்பியின் பின்னே டைமிங் கவரும் அதன் சீலும் உள்ளன. இச்சீல் தேய்ந்தால், கப்பி சுழலும் வேகத்தில் எண்ணெய் வட்டமாகச் சிதறி எஞ்சினின் முன்புறத்தில் வளையம் வரைந்தாற் போலக் காணப்படும்.

சம்ப்: அடிப்பாத்திரத்தைச் சுற்றியுள்ள கேஸ்கெட்டையும், எண்ணெய் இறக்கும் போல்ட்டின் வாஷரையும் கடைசியாகப் பார்க்க. மேலே எங்கும் ஈரமின்றி இங்கு மாத்திரம் நனைந்திருந்தாலன்றி இவற்றைக் குறை கூறுவதற்கில்லை.

எஞ்சின் மூச்சு விடுகிறதா?

இவ்விஷயத்தைப் பலர் கவனிப்பதேயில்லை. சிலிண்டரில் எரியும் வாயுவில் ஒரு சிறு பகுதி, பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழே இறங்குவது இயல்பு. அவ்வாயு வெளியேறுவதற்கென்றே ஒரு மூச்சுக்குழாய் வைக்கப்பட்டிருக்கிறது. மேற்சொன்ன பக்க மூடிகளில் ஒன்றிலிருந்து கிளம்பும் குழாய் இத்தகையதே. கரியும் பிசுக்கும் சேர்ந்து இக்குழாய் அடைபட்டால், உள்ளே அழுத்தம் மிகுந்து, எண்ணெயைக் கிடைத்த சந்து வழியாகவெல்லாம் வெளியே தள்ளும். அந்நிலையில் ஒரு கேஸ்கெட்டை மாற்றினால் அடுத்த கேஸ்கெட் ஒழுகும். அதை மாற்றினால் மற்றொன்று ஒழுகும். பணம் செலவழிந்துகொண்டே இருக்கும்.

இது பழைய 1489 எஞ்சினுக்கு இன்னும் முக்கியமானது. அதன் பின்கோடியில், தற்கால எஞ்சின்களில் உள்ளது போன்ற ரப்பர் உதட்டுச் சீல் கிடையாது. கிராங்க் ஷாப்டிலேயே திருகு மரைபோல் வெட்டிய பள்ளம், சுழலும்போது எண்ணெயை உட்பக்கமே திருப்பித் தள்ளும்படி அமைந்திருக்கிறது. உள்ளே அழுத்தமில்லாத வரையில் இவ்வேற்பாடு நன்றாகவே வேலை செய்யும். அழுத்தம் ஏறினால் தோற்றுவிடும். எஞ்சின் நின்றபின், சிறப்பாகச் சரிவான இடத்தில், இரண்டொரு சொட்டு விழுதல் இவ்வமைப்பின் இயல்பே. அதனை நோய் என்று கருதலாகாது. "பின்பக்கத்து ஆயில் சீலை மாற்ற வேண்டும்" என்று கேட்டவுடன், இவ்வண்டியில் அத்தகைய சீல் உண்டா என்று வினவும் அளவிற்கேனும் கமிட்டியார் அறிந்திருத்தல் நலம்.

பரீட்சை எளிது. மூச்சுக்குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பியில் துணி சுற்றித் துடைத்து மாட்டுக. பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்க. இலேசான ஆவி தோன்றுவது சகஜம். புகை குபுகுபுவென்று தள்ளிக்கொண்டு வந்தால் ரிங்குகளோ சிலிண்டர்களோ தேய்ந்துள்ளன என்று கொள்க. அப்பொழுது மெக்கானிக்கைக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் அளந்து அறிதல் வேண்டும். அளவில் குறைவு தெரிந்தால், தேவைப்படுவது சீல் அன்று, எஞ்சினையே புதுப்பிப்பது. அதற்கு முன்னே வேறு எதற்கும் செலவு செய்தல் தகாது.

பின்கோடியைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன்

கிளட்சைச் சூழ்ந்துள்ள உறையின் அடியில் சிறு துவாரம் ஒன்று உண்டு. மேலே கூறிய யாவும் உலர்ந்திருந்து, அத்துவாரத்தில் மாத்திரம் சொட்டு வருமாயின், அதனை வெள்ளைத் துணியில் ஏந்திப் பார்க்க. தடித்த கந்தக வாடையுள்ளதாயின் கியர் பெட்டியின் முன்புறத்தைச் சேர்ந்தது. கறுத்த எஞ்சின் எண்ணெயாயின் கிராங்க் ஷாப்டின் பின்கோடியிலிருந்து வருவது. இரண்டாவது நிலையில், கிளட்ச் வழுக்குகிறதா, மட்டம் விரைவாகத் தாழ்கிறதா என்று கவனித்த பின்னரே எஞ்சினை இறக்கும் முடிவிற்கு வருதல் வேண்டும்.

கண்ணால் காண முடியாத கசிவுகளுக்குத் தற்காலத்தில் மற்றோர் உபாயமும் உண்டு. எண்ணெயில் கலக்கும் ஒளிரும் சாயம் கடைகளில் விற்கிறது. அதனை ஊற்றி வண்டியைச் சிறிது தூரம் ஓட்டியபின், இருட்டில் ஊதா நிற விளக்கைக் காட்டினால் கசியும் தடம் பளிச்சென்று ஒளிவிடும்.

பழுது பார்த்தலில் கவனிக்கத் தக்கவை

ஒரு நேரத்தில் ஒரே உறுப்பை மாற்றுக. மாற்றியபின் மறுபடி துடைத்து, ஓட்டிப் பார்த்து, பலன் தெரிந்த பிறகே அடுத்ததற்குச் செல்க. மூன்றையும் ஒருமிக்க மாற்றினால் எது காரணம் என்பது என்றைக்கும் தெரியாது.

கேஸ்கெட்டில் பசையை அள்ளிப் பூசலாகாது. உட்பக்கம் பிதுங்கிய பசை துண்டு துண்டாக உதிர்ந்து, எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடக் கூடும். ஒழுக்கை நிறுத்தும் என்று விற்கப்படும் மருந்துகள் இறுகிய ரப்பரைச் சிறிது காலம் இளக்குமேயன்றி, வெடித்த கார்க்கையோ அடைத்த குழாயையோ குணப்படுத்த மாட்டா. எண்ணெயின் தரமும் வண்டியின் கைப்புத்தகத்திற் சொல்லியபடி இருத்தல் வேண்டும். பழைய எஞ்சினில் மெல்லிய எண்ணெயை ஊற்றினால் அது சிறு சந்துகளிலும் எளிதில் நழுவும்.

கழுவிய கழிவையும் பழைய எண்ணெயையும் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டுதல் பெருந்தீங்கு. டின்னில் சேர்த்து மூடி வைத்து, பழைய எண்ணெயை வாங்கிச் சுத்திகரிப்பதற்கு அனுமதி பெற்றவர்களிடம் ஒப்புவிக்க.

கணக்குப் புத்தகம்

கூட்டுறவுச் சங்கத்தார் கணக்கின் அருமையை அறியாதவரல்லர். வண்டிக்கும் ஒரு சிறு புத்தகம் வைத்து, வாரந்தோறும் தேதி, கிலோமீட்டர், டிப் ஸ்டிக்கின் மட்டம், ஊற்றிய எண்ணெயின் அளவு ஆகிய நான்கையும் டிரைவர் எழுதி வருமாறு ஏற்பாடு செய்க. ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு எண்ணெய் குறைகிறது என்பது அதிலிருந்து தெரியவரும். அளவு சிறிதாயும் மாதத்திற்கு மாதம் மாறாமலும் இருந்தால், மட்டத்தைச் சரிவர நிரப்பிக்கொண்டு வண்டியை ஓட்டலாம். அளவு ஏறிக்கொண்டே வந்தால், காரணத்தைத் தேடும் காலம் வந்துவிட்டது என்று அறிக. அழுத்தத்தைக் காட்டும் விளக்கு ஓட்டத்தில் எரியத் தொடங்கினால் மட்டும் எந்தக் கணக்கையும் பாராது, அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துக; ஊர் போய்ச் சேர்ந்து பார்க்கலாம் என்று எண்ணலாகாது.

தொடக்கத்திற் கூறிய கமிட்டியாரிடம் மீண்டும் வருவோம். வண்டியைக் கழுவித் துடைத்து, மேலிருந்து பார்த்து, மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்து, புத்தகத்தில் ஒரு மாதக் கணக்கும் எழுதிய பிறகு அவர்கள் பட்டறைக்குச் செல்வார்களாயின், அங்கு பேசும் பேச்சே வேறாக இருக்கும். "எண்ணெய் ஒழுகுகிறது, பாருங்கள்" என்று சொல்லாமல், "மானிபோல்டின் கீழுள்ள பக்க மூடியில் கசிகிறது, அந்தக் கேஸ்கெட்டை மாற்றிக்கொடுங்கள்" என்று அவர்கள் சொல்லக்கூடும். அல்லது எஞ்சினை இறக்குவதே தேவையென்று தெரிந்தால், அந்தச் செலவையும் சந்தேகமின்றி மகாசபையின் முன் வைக்கக்கூடும். இவ்விரண்டில் எதுவாயினும், அங்கத்தினர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் காரணம் அறிந்து செலவாகும்.